டெல்டா விவசாயியும் புதிய தொழில்நுட்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில், திருவாரூர்ப் பக்கம், வாய்க்கால் முடிகிற கடைமடையில் எனக்கு 9 மா நிலம். அது போக, பத்துப் பன்னிரண்டு வருடம் விவசாயிகள் குழுக்களோடு அலைந்தவன். வேளாண் கல்லூரி மாணவர்கள், கருவி விற்க வருகிறவர்கள், சென்னையில் உட்கார்ந்துகொண்டு "நம்ம ஊர்ல ஏன் இன்னும் பழைய மாதிரியே செய்யுறீங்க" என்று கேட்கும் மச்சான் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அடுத்த முறை கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம். அளவெல்லாம் எங்கள் வழக்கில்தான்: 100 குழி ஒரு மா, 3 மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி.

டெல்டா விவசாயி புதியது என்றாலே பின்வாங்குவார் என்கிறார்களே, உண்மையா?

இதைச் சொல்பவர்கள் எந்த டெல்டாவைப் பார்த்தார்களோ. 1960-61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு நாடு முழுவதும் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் பழைய தஞ்சாவூரும் ஒன்று. 'பேக்கேஜ் திட்டம்' என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். 1965இல் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 வந்தது. ஜப்பானின் நோரின் 10ஐயும் நம்முடைய ஜி.இ.பி. 24ஐயும் சேர்த்து உருவாக்கிய ரகம், 105 நாளில் அறுப்பு. சில குறுவைக்குள்ளேயே (ஆனியில் தொடங்கும் குறுகிய காலப் பட்டம்) எங்கு பார்த்தாலும் அதுதான். பிறகு ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20, ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று வரிசையாக ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. என் அப்பா தன் காலத்தில் மாற்றிய ரகங்களை எண்ண இரண்டு கை விரலும் போதாது.

பம்புசெட், டிராக்டர், களைக்கொல்லி, பெல்ட் வண்டி (சேற்றில் இறங்கும் அறுவடை இயந்திரம்) எதற்கும் யாரும் வீடு வீடாக வந்து கெஞ்சவில்லை. கோடையில் பருத்தி போடுவதும் அப்படித்தான், பக்கத்து ஊரைப் பார்த்துப் பரவியது. ஏற்கவில்லை என்று புத்தகத்தில் எழுதப்படுபவை வேறு சில. ஒவ்வொன்றுக்கும் காரணம் வயலிலேயே கிடக்கிறது. இறங்கிப் பார்த்தால் காலில் தட்டுப்படும்.

அப்படியானால் ஒற்றை நாற்று நடவு ஏன் நிலைக்கவில்லை? விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், விளைச்சலும் கூடுதல் என்றார்களே?

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். மடகாஸ்கரில் 1980களில் ஹென்றி டி லோலானி என்ற பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து வடிவமைத்தது. இங்கே 'திருந்திய நெல் சாகுபடி' என்று வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு ஆனபோது 'ராஜராஜன் 1000' என்று பெயரும் சூட்டினார்கள். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் இடம். 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் நட வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்ற களைக்கருவியைத் தள்ள வேண்டும். தண்ணீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் கையில் இருக்கிற இடத்தில் இது நன்றாக விளைந்தது, நானே பார்த்திருக்கிறேன். வாய்க்கால் தொடங்குகிற தலைமடையில் சொந்தமாக போர் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருந்தவர் ஒருவர் மூன்று வருடம் விடாமல் செய்தார். தூர் கட்டிய அழகைப் பார்க்கவே ஆள் வந்தது.

கடைமடையில் நடந்தது வேறு கதை. என் வயலுக்குத் தண்ணீர் பக்கத்து வயல் வழியாக வருகிறது, அடுத்த வயல் வழியாக வடிகிறது. எனக்கென்று தனி மடை கிடையாது. நான் காயப்போட நினைக்கும் நாளில் மேல்வயல்காரர் பாய்ச்சுவார். 14 நாள் நாற்று விரல் நீளம்தான் இருக்கும். ஐப்பசியில் ஒரே ராத்திரி அடிக்கும் மழையில் அது முழுக்க மூழ்கிவிடும். 30 நாள் நாற்றாக இருந்தால் தலையாவது வெளியே தெரியும். மழைக்காலப் பட்டமான சம்பாவுக்கு வளர்ந்த நாற்றை நடும் பழக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். அந்த நாற்றுதான் எங்களுக்கு இன்சூரன்ஸ்.

அடுத்தது நடவு செட், அதாவது சேர்ந்து வந்து நடும் ஆட்கள். எங்கள் ஊரில் நடவு ஒப்பந்தத்துக்குத்தான், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு இறங்குவார்கள். கயிறு பிடித்து, சதுரம் பார்த்து, ஒவ்வொரு நாற்றாக வைத்தால் ஒரு நாளில் முடியும் வேலை இரண்டு நாளுக்கு இழுக்கும். கூலி யார் கூட்டிக் கொடுப்பது? கோனோவீடரை நாங்கள் எல்லோரும் 'களை எடுக்கும் கருவி' என்றுதான் பேசினோம். எங்கள் களிமண்ணில் அதைத் தள்ளிய அம்மா வேறு மாதிரி சொன்னார்: "இத ஒரு நாளு தள்ளிட்டு வந்தா மறுநாளு சோத்துல கை வைக்க முடியல தம்பி. நீங்க கொஞ்சம் தள்ளிப் பாருங்க." தள்ளிப் பார்த்தேன். நாலு சால் போனதும் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

ஆனால் முறை முழுசாக அழிந்துவிடவும் இல்லை. ஏக்கருக்கு முப்பது கிலோ விதைத்த பலர் இன்று குறைத்திருக்கிறார்கள். கொத்துக் கொத்தாகத் திணித்த நாற்று இரண்டு மூன்றாகியிருக்கிறது. இடைவெளியும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஐந்து அம்சத்தில் தனக்கு ஒத்துவந்த இரண்டை விவசாயி எடுத்துக்கொண்டார். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால் 'கைவிடப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்கள்.

அறுவடை இயந்திரம் மட்டும் எப்படி இவ்வளவு வேகமாக வந்தது?

யாரும் அதை வாங்க வேண்டியிருக்கவில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, சேறு என்றால் பெல்ட் வண்டி. வெளி மாவட்டங்களிலிருந்து தை மாதம் வரிசையாக வந்து இறங்கும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 கணக்கெடுப்பு. எங்கள் கணக்கில் ஐந்தரை மா சொச்சம். அந்த நிலத்துக்கு யார் இயந்திரம் வாங்குவார்கள்? வாடகைக்கு என்றால் நாளைக்கே இறக்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் கூப்பிடாமல் விடலாம். பழகவும் வேண்டாம், பழுது பார்க்கவும் வேண்டாம். அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் கதிர் சாய்ந்து மழையில் முளைத்ததைப் பார்த்தவர்கள் ஒரே பருவத்தில் மாறினார்கள்.

ஆனால் இந்த வண்டி கூடவே ஒன்றைக் கெடுத்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பது எங்கள் வழக்கம். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும், சித்திரைக்குள் கையில் காசு வந்துவிடும். ஆள் அறுத்த காலத்தில் முளைத்த உளுந்துக்கு நடுவே கால் வைத்து நடந்து அறுத்தார்கள், செடிக்குப் பெரிய சேதம் இல்லை. பெல்ட் வண்டி போய்த் திரும்பும் இடத்தில் ஒரு முளைகூட மிஞ்சாது. வைக்கோலும் நொறுங்கி மேலே மூடிவிடும்.

இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். விதை முளைவிடுவதற்குள் வண்டி இறங்கிவிட்டால் பெல்ட்டே விதையை மண்ணில் அமுக்கிவிடும், தப்பித்துக்கொள்ளும். ஆகவே வண்டி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் தெளிக்க வேண்டும். வண்டி என்றைக்கு வரும்? அது புரோக்கருக்குத்தான் தெரியும். "நாளைக்கு வந்துரும்ணே" என்பார். நான் தெளித்துவிட்டு எட்டு நாள் காத்திருந்த வருடமும் உண்டு. அந்த வருடம் ஒரு மா நிலத்துக்கு அரை மூட்டை உளுந்துகூடத் தேறவில்லை.

நடவு இயந்திரம்?

வந்துகொண்டிருக்கிறது, மெதுவாக. அதற்குப் பாய் நாற்றங்கால் வேண்டும். தட்டிலோ பாலித்தீன் விரிப்பிலோ விட்ட நாற்று 15 முதல் 18 நாளுக்குள் வயலுக்குப் போயாக வேண்டும். வண்டி தாமதமானால் நாற்று முற்றிவிடும், வேர் பின்னிக்கொள்ளும். நாற்று விடுகிறவர், வண்டிக்காரர், வாய்க்கால் தண்ணீர் மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவர வேண்டும். நாற்று வளர்த்து, நட்டும் கொடுத்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிற ஊரில் இது ஓடுகிறது. வண்டி மட்டும் வந்த ஊரில் ஷெட்டில் நிற்கிறது.

தண்ணீர்ப் பஞ்சம் என்று போராடுகிறீர்கள். தண்ணீரைச் சேமிக்கும் முறையை மட்டும் ஏன் எடுத்துக்கொள்வதில்லை?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது, பரவாயில்லை. வயலில் ஓட்டை போட்ட ஒரு குழாயைப் பாதி புதைத்து வைப்பார்கள். உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை. தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் நன்றாகக் குறையும். அறிவியலில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மிச்சமாகும் தண்ணீர் யாருக்கு என்பதில்தான் சிக்கல். போர்க்காரருக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். மோட்டாரை நிறுத்தினால் அவர் பையில் ஒரு ரூபாயும் சேராது. வாய்க்கால்காரருக்குத் தண்ணீர் முறைவைத்து வருகிறது. இன்று என் முறை, 'குழாயில் இன்னும் 5 சென்டிமீட்டர் இருக்கிறது' என்று விட்டுவிட்டால் அடுத்த முறை எப்போது, வருமா என்றே தெரியாது. 2023இல் மேட்டூர் அணையை ஜூன் 12இல் வழக்கப்படி திறந்தார்கள். அக்டோபர் 10இல் மூடிவிட்டார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை வர வேண்டிய தண்ணீர். அதற்கு அடுத்த வருடம் திறந்ததே ஜூலைக் கடைசியில். இதைப் பார்த்தவன் வரும்போதே நிரப்பி வைத்துக்கொள்வானா, குழாயைப் பார்ப்பானா?

மண்ணும் ஒரு காரணம். எங்கள் களிமண் ஒருமுறை வெடிப்பு விட்டுவிட்டால் அடுத்த பாய்ச்சலில் தண்ணீர் வெடிப்புக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும், வயல் நிரம்பாது. காயக்காயக் களையும் கிளம்பும்.

ஒரு குறுவையில் நானும் மூன்று குழாய் பதித்தேன். ஒன்றில் நண்டு குடியேறிவிட்டது. ஒன்றை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்க் கொடிக்கம்புக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது ஒழுங்காக வேலை செய்தது, அந்த மூலையில் இரண்டு பாய்ச்சல் மிச்சமானதும் உண்மை. ஒரு வாய்க்காலில் பாயும் எல்லோரும் சேர்ந்து செய்தால், முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வந்தால், இது நடக்கும். தனியாள் தலையில் கட்டினால் நடக்காது.

விவசாயி யார் சொன்னால் கேட்பார்?

வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னால். சொல்லக்கூட வேண்டாம், பயிர் தெரிகிறதே. கானாவில் அன்னாசி விவசாயிகளை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. தனக்குத் தெரிந்த ஒருவர் எதிர்பார்த்ததைவிட நல்ல லாபம் எடுத்தால், அவர் போட்ட உர அளவுக்குத் தன் அளவை மாற்றிக்கொண்டார்களாம். எங்கள் டீக்கடைக்கு வந்திருந்தால் அவர்களுக்குச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஒரு விஷயம் முக்கியம். 'முன்னோடி விவசாயி' என்று மேடையில் சால்வை போர்த்தப்படுபவர் பெரும்பாலும் போர், டிராக்டர், நாலு வேலி உள்ளவர். அவர் வயலில் விளைந்தால் மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். "அவருக்கு என்னப்பா" என்று பேச்சு முடிந்துவிடும். ஐந்து மாக்காரர் வயலில் விளைந்தால்தான் மறுநாள் நாலு பேர் விதை கேட்பார்கள்.

அடுத்தது உரக்கடை. உதவி வேளாண்மை அலுவலர் பல ஊர்களைப் பார்க்க வேண்டும், மாதம் ஒருமுறை கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். கடைக்காரர் தினமும் காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறார், கடனும் தருகிறார். புகையான் பூச்சி விழுந்த பயிரைப் பிடுங்கிக்கொண்டு போனால் அவர் எடுத்துக் கொடுப்பதுதான் மருந்து. கையில் கடன் நோட்டு இருக்கும்போது எப்படி மறுத்துப் பேசுவது?

குத்தகை விவசாயிகளுக்கு என்ன தடை?

என்னைக் கேட்டால் டெல்டாவில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய தடை. இங்கே கோயில் நிலம், மடத்து நிலம், ஊரை விட்டுப் போனவர்களின் நிலம் ஏராளம். உழுகிறவர் ஒருவர், காகிதத்தில் இருப்பவர் இன்னொருவர். மானியத்துக்கு, கூட்டுறவுக் கடனுக்கு, பயிர்க் காப்பீட்டுக்கு எல்லாவற்றுக்கும் சிட்டாவும் (நில உரிமைப் பதிவு) அடங்கலும் (யார் என்ன பயிர் செய்கிறார் என்ற பதிவு) கேட்பார்கள். வாய்மொழிக் குத்தகைக்காரர் அடங்கலில் தன் பெயரை ஏற்ற முயன்றால் நிலத்துக்காரருக்கு உடனே பயம் வந்துவிடும், நிலம் போய்விடுமோ என்று. அடுத்த வருடம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

வயலைச் சமப்படுத்துவது, பண்ணைக்குட்டை, சோலார் பம்பு, தொழு உரம் எல்லாம் பலன் தர நாலைந்து வருடம் ஆகும். ஒரு வருடக் குத்தகைக்காரரிடம் லேசர் சமன் செய்வதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேட்டத் தட்டி நெரவுனா தண்ணி சமமா நிக்கும், சரிதான் அண்ணே. நல்லா வெளஞ்சா அடுத்த வருசம் குத்தகைய ஏத்திருவாங்க" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

மானியம் கொடுத்தால் ஏற்பு கூடாதா?

கூடும், பட்டியலில். எத்தனை வீட்டுத் திண்ணையில் மானியக் கோனோவீடர் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மானியத்தின் அளவைவிட அது வரும் நாள் முக்கியம். மேற்குக் கென்யாவில் உரத்தை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2011இல் வெளியானது. அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போதே பணத்தை வாங்கிக்கொண்டு, உரத்தை வீட்டில் இலவசமாகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். அந்தச் சின்னச் சலுகையே நல்ல பலன் கொடுத்தது. எங்களுக்கும் காசு கையில் இருப்பது தை, மாசியில். பங்குனிக்குள் நகையைத் திருப்பி, கல்யாணத்துக்கு மொய் எழுதி, பிள்ளைக்குப் பீஸ் கட்டி முடித்துவிடுவோம். ஆனியில் விதையும் உரமும் வாங்கும்போது நகை மறுபடி அடகுக் கடையில். அரசு மானியத்தில் தரும் குறுவைத் தொகுப்பு ஆனி முதல் வாரம் கைக்கு வந்தால் உதவி. நட்டு முடித்த பிறகு வந்தால் அடுத்த பட்டத்துக்கு அடுக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

புது நெல் ரகத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? விளைச்சலை வைத்தா?

விளைச்சல் மூன்றாவதோ நாலாவதோதான். முதலில் எத்தனை நாள் என்று பார்ப்போம். மேட்டூர் மூடுவதற்குள் பால் பிடிக்குமா? அடுத்தது சாயுமா. ஆந்திரா பொன்னி என்று நாங்கள் சொல்லும் பி.பி.டி. 5204க்கு வியாபாரியிடம் நல்ல விலை. ஆனால் குலைநோய்க்கும் அதற்கும் உறவு, காற்றடித்தால் படுத்துவிடும். பிறகு யார் வாங்குவார்கள் என்ற கேள்வி. 2025-26க்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். மாநில ஊக்கத்தொகை தனி. அரசு கொள்முதல் நிலையத்தில்தான் போடப் போகிறோம் என்றால், இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக நோய் பிடிக்கும் சன்ன ரகத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

வெள்ளம் தாங்கும் ரகங்கள் தனிக் கதை. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த சப்1 மரபணுவைச் சேர்த்த சி.ஆர். 1009 சப்1 இரண்டு வாரம் வரை தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து மறுபடி தழைக்கும். இதே மரபணு உள்ள சுவர்ணா சப்1ஐ ஒடிசாவில் பயிரிட்டவர்களைப் பற்றி 2016இல் ஒரு ஆய்வு வந்தது. விதை கிடைத்தவர்கள் உரத்தையும் கூட்டிப் போட்டார்கள், ஆள் செலவு அதிகமாகும் நடவுக்கும் மாறினார்கள். மூழ்கினாலும் போகாது என்ற தைரியம் வந்ததும் கையை அவிழ்த்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பயம் குறைந்தால் செலவு செய்வோம்.

ஒரு எச்சரிக்கை: சப்1 இளம்பயிர் மூழ்கினால்தான் காப்பாற்றும். பொங்கல் சமயத்தில், கதிர் முற்றி நிற்கும்போது பெய்யும் மழைக்கு அது ஒன்றும் செய்யாது. இதைச் சொல்லாமல் விதை விற்று, 'வெள்ளம் தாங்கும்னு சொன்னீங்களே' என்று திட்டு வாங்கியவர்களும் உண்டு.

நெல் உலர்த்தி ஏன் வாங்குவதில்லை? சாலையில் கொட்டிக் காயவைக்கிறீர்களே?

கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுப்பு விழுவது புரட்டாசி, ஐப்பசி மழையில். ஒவ்வொரு வருடமும் 22 சதவீதமாகத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்கு மனு போகும், குழு வரும், நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும். காயவைத்துக் கொண்டுபோனால் கூடுதல் விலை உண்டா? கிடையாது, எடைதான் குறையும். காயவைத்த நெல்லும் நிலைய வாசலில் ஒரு வாரம் தார்ப்பாய்க்கடியில் கிடந்தால் மறுபடி ஈரமாகிவிடும். உலர்த்தி இருக்க வேண்டிய இடம் கொள்முதல் நிலையம். விவசாயி வீட்டில் அதற்கு வேலை இல்லை.

டிரோன்?

பத்து லிட்டர் தொட்டி, ஏக்கருக்குப் பத்து நிமிடத்துக்குள். அறுபது நாள் பயிருக்குள், இடுப்புயர நெல்லில், சேற்றில், முதுகில் டேங்கைச் சுமந்து மருந்து அடிக்க இளவட்டங்கள் யாரும் வருவதில்லை. மருந்து நெடியில் மயங்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆகவே இது நிலைக்கும் என்று நினைக்கிறேன். அறுவடை வண்டி மாதிரியே வாடகைக்கு வருவதும் ஒரு காரணம். 2023இல் அறிவித்த 'நமோ டிரோன் தீதி' திட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு 80 சதவீத மானியம் உண்டு. பிரச்சினை சின்னச் சின்ன வயல்கள்தான். காற்றில் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும். அங்கே ஒருவர் இயற்கை விவசாயம் செய்துகொண்டிருந்தால் பஞ்சாயத்துதான்.

நானோ யூரியா போட்டால் மூட்டை யூரியா வேண்டாமாமே?

கணக்குப் போடுங்கள். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், ஏறத்தாழ 20 கிலோ. 2021இல் அறிமுகமானபோது நானோ யூரியாவில் 4 சதவீதம். அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம். இலை வழியாகப் போவதால் வீணாகாது என்பது வாதம். இருக்கட்டும். 20 கிராம் 20 கிலோவின் வேலையைச் செய்யும் என்று நம்பி மேலுரத்தை நிறுத்த நான் தயாராக இல்லை. யூரியாவைக் குறைக்க வேண்டும் என்றால் இலை வண்ண அட்டை இருக்கிறது. பிளாஸ்டிக் துண்டு, காலை வெயில் ஏறுவதற்குள் இலையோடு வைத்துப் பார்த்தால் உரம் இப்போது வேண்டுமா என்று சொல்லிவிடும். சிக்கனமான, நல்ல கருவி. அதை விற்றால் யாருக்கும் லாபம் இல்லாததால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

செல்போன் செயலிகள்?

உழவன் செயலி 2018இல் வந்தது. மானியத்துக்குப் பதிவு செய்ய, அணை நீர்மட்டம் பார்க்க உதவுகிறது. பூச்சிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார்கள், உரக்கடைக்காரருக்கு.

புதிய தொழில்நுட்பத்தால் நட்டப்பட்டவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். 'விவசாயி' என்று இவ்வளவு நேரம் நான் பேசியது நிலம் பிடித்தவரைப் பற்றி. அறுப்புக்குக் கூலியாக நெல் வாங்கி வருடம் பூராவும் சாப்பிட்ட குடும்பங்களுக்குப் பெல்ட் வண்டி என்ன செய்தது? கொஞ்சம் பேர் திருப்பூருக்குப் போனார்கள், கொஞ்சம் பேர் நூறு நாள் வேலைக்கு. ஆள் இல்லாததால் இயந்திரம் வந்ததா, இயந்திரம் வந்ததால் ஆள் போனார்களா என்று கேட்டால் இரண்டும்தான்.

இது இன்றைக்கு வந்ததும் இல்லை. புது ரகங்கள் வந்து விளைச்சல் கூடிய அதே அறுபதுகளில்தான் கூடுதல் கூலி கேட்டும், வெளியூர் ஆட்களை இறக்குவதை எதிர்த்தும் கீழத் தஞ்சையில் போராட்டங்கள் நடந்தன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பசுமைப் புரட்சியின் டெல்டா கதையைச் சொல்லும்போது ஆடுதுறை 27ஐச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

பாரம்பரிய நெல்லுக்குத் திரும்புவது பின்னோக்கிப் போவதுதானே?

புதியதோ பழையதோ, பரவும் விதம் ஒன்றேதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006இலிருந்து நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் கிடையாது, அடங்கல் கிடையாது. 2018இல் அவர் இறக்கும்போது 170க்கு மேற்பட்ட ரகங்களை மீட்டிருந்தார். நல்ல விரிவாக்கப் பணி என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

வருமானம்? கருப்புக் கவுனிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் வாங்க ஆள் இருந்தால் சரி. இல்லாவிட்டால் உயர வளர்ந்து சாய்ந்த பயிரை ஆள் வைத்து அறுத்து, கொள்முதல் நிலையத்தில் சாதா விலைக்குப் போட வேண்டியதுதான். ஒரு மா வீட்டுக்கு, மிச்சம் விலைக்கு என்று செய்பவர்கள்தான் நீடிக்கிறார்கள்.

நான் ஒரு புதுக் கருவியோடு டெல்டாவுக்கு வர இருக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

தை மாதம் வராதீர்கள். அப்போது எல்லாமே வேலை செய்யும். ஐப்பசியில் வாருங்கள், தலைமடையைத் தாண்டிக் கடைமடைக்கு வாருங்கள். மழை நாலு நாள் விடாமல் பெய்யும்போது கருவியை இறக்குங்கள். முழு வயலையும் கேட்காதீர்கள். ஒரு மா கேளுங்கள், தருவார்கள். நட்டமானால் அந்த ஒரு மாவுக்கு ஈடு தருவதாக முன்னாலேயே எழுதிக் கொடுங்கள், நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் ஆள் சேருவார்கள். கூட்டத்துக்கு ஆண்களை மட்டும் கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்து அனுப்பாதீர்கள். கருவியைத் தள்ளப் போகும் பெண்கள் கையில் முதலில் கொடுங்கள், பிடியின் உயரம் சரியில்லை என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். உதிரி பாகம் மன்னார்குடியில் கிடைக்குமா, சென்னைக்கு ஆள் அனுப்ப வேண்டுமா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

ரப்பர் பூட்ஸ் கொண்டுவர வேண்டாம். எங்கள் சேற்றில் வைத்த காலை எடுத்தால் கால் மட்டும்தான் வரும்.